காலையில் வெயில், மாலையில் மழை: மாடியில் வடாம் காயவைப்பவர் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்?

கேள்வி: போரூரில் வீட்டிலேயே கூழ் வடாம், ஜவ்வரிசி வடாம் போட்டு விற்கிறேன். போனில் மழை வாய்ப்பு 40 சதவீதம் என்று பார்த்துவிட்டு மாவு கிளறாமல் விட்டால், அன்று முழுக்க வெயில் கொளுத்துகிறது. 10 சதவீதம் என்ற நாளில் இரண்டு கிலோ வடாம் நனைந்து வீணாகிவிட்டது. மேகத்தைப் பார்த்தே மழை வருமா என்று தெரிந்துகொள்ள முடியுமா?

பதில்: முடியும். ஜூன் முதல் செப்டம்பர் வரை சென்னைக்கு மழை பெரும்பாலும் ஒரே பக்கத்திலிருந்துதான் வருகிறது. அந்தப் பக்கத்தைக் கவனித்தால் பல நாட்களில் ஒரு மணி, இரண்டு மணி நேரம் முன்பே தெரிந்துவிடும்.

முதலில் அந்த 40 சதவீதம். இதேபோன்ற பத்து நாட்களில் நான்கு நாள் உங்கள் பக்கம் மழை பெய்யலாம் என்பதுதான் அதன் பொருள். மீதி ஆறு நாள் பெய்யாது. மாவு கிளறுவதை இந்த எண்ணை வைத்து முடிவு செய்ய வேண்டாம் என்பேன். வானிலை ஆய்வு மையம் 'ஓரிரு இடங்களில்' என்று சொன்னால், மழை அளக்கும் நிலையங்களில் கால் பங்கு அல்லது அதற்கும் குறைவான இடங்களில் பெய்யும் என்று கணக்கு. போரூரில் கொட்டும்போது வடபழனியில் தெரு காய்ந்து கிடப்பது இந்த மாதங்களில் சாதாரணம்.

சரி, மேகத்துக்கு வருவோம். காலை வெயிலில் தரை சூடாகி, ஈரக் காற்று மேலெழும்புகிறது. நண்பகலுக்கு மேல் கடல்காற்று உள்ளே வந்து மேற்குக் காற்றோடு மோதுகிறது. அப்போது திருத்தணி, அரக்கோணம், திருவள்ளூர் பக்கம் மேகம் கட்டத் தொடங்கும். மேலே வீசும் மேற்குக் காற்று அதைச் சாயங்காலம் அல்லது இரவில் நம் பக்கம் தள்ளிக்கொண்டு வரும். ஆகவே இரண்டு மணியிலிருந்து அரை மணிக்கு ஒரு தடவை மாடியில் மேற்குப் பக்கம் பாருங்கள்.

பஞ்சுப் பொதி போல, அடி தட்டையாக, அங்கங்கே மிதப்பது திரள் மேகம். உயரத்தைவிட அகலம் அதிகமாக இருக்கும்வரை அதனால் பயமில்லை. அதே மேகம் காலிஃப்ளவர் போல மொட்டு மொட்டாக மேலே முளைத்து, பத்து நிமிடத்தில் கண்ணுக்குத் தெரிய வளர்ந்தால் உஷாராகுங்கள். அப்புறம் அதன் உச்சியைப் பாருங்கள். விளிம்பு கத்தரித்தாற்போல் தெளிவாக இருந்தால் இன்னும் வளர்கிறது. விளிம்பு கலைந்து, சீவிய பஞ்சு போல நார் நாராகிவிட்டால் மேலே பனித்துகள் உண்டாகிவிட்டது என்று அர்த்தம். அதுதான் கார்திரள் மேகம். நம் ஊரில் அதன் உச்சி 15 கிலோமீட்டருக்கு மேலும் போகும். அடிப்பகுதி கருநீலமாகி, அதற்குக் கீழே சாம்பல் திரை தொங்கினால் அங்கே மழை கொட்டிக்கொண்டிருக்கிறது. வடாமை உள்ளே எடுக்க வேண்டிய நேரம் இதுதான்.

மேகத்தைவிடக் காற்று இன்னும் உறுதியான அடையாளம். கிழக்கிலிருந்து வந்துகொண்டிருந்த கடல்காற்று நின்று, புழுக்கமாகி, திடீரென்று மேற்கிலிருந்து மண்வாசனையோடு குளிர்ந்த காற்று அடித்தால், மழைக்குப் பல நேரம் பத்து, பதினைந்து நிமிடம்தான் இருக்கும்.

நிறையப் பேர் ஏமாறுவது கீற்று மேகத்தில். துடைப்பத்தால் கோடு இழுத்தது போல மிக உயரத்தில் தெரியும் மெல்லிய வெள்ளை மேகம் அது. வெயிலைக் கொஞ்சம் மங்கலாக்கும், வடாம் காய ஒரு மணி நேரம் கூடுதலாகலாம், அவ்வளவுதான். இந்த மாதங்களில் அந்த உயரத்தில் காற்று கிழக்கிலிருந்து மேற்கே ஓடுகிறது, மழை மேகமோ எதிர்ப்பக்கமிருந்து வருகிறது. கீற்று ஓடும் திசையைப் பார்த்து மழை விலகிப் போகிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

மேற்கே உயரமான கட்டடம் மறைத்தால், போனில் சதவீதத்தைப் பார்ப்பதற்குப் பதிலாக வானிலை மையத்தின் சென்னை ரேடார் படத்தைப் பாருங்கள். சிவப்புத் திட்டு எந்தப் பக்கம் நகர்கிறது என்று அடுத்தடுத்த படங்களில் தெரியும். 'அடுத்த 3 மணி நேரத்தில்' என்று வரும் அறிவிப்பில் சென்னையை மட்டும் பார்க்காமல் திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களையும் பாருங்கள். உங்களுக்கு வரவேண்டிய மழை முதலில் அங்கேதான் தெரியும். பகல் தப்பித்துவிட்டது என்று பாதி காய்ந்த வடாமை இரவு முழுக்க மாடியில் விட்டுவைக்கவும் வேண்டாம். 2023 ஜூனில் ஒரே இரவு மழையில் மறுநாள் காலைக்குள் மீனம்பாக்கத்தில் சுமார் 16 சென்டிமீட்டர் பதிவானது.

அக்டோபர் பிறந்தால் இந்தக் கணக்கெல்லாம் மாறிவிடும். மேகம் கடலிலிருந்து, தாழ்வாக, வேகமாக வரும். இடி முழக்கம்கூட இல்லாமல் சடசடவென்று பெய்துவிட்டு நிற்கும், அரை மணியில் மறுபடி வரும். இரவிலும் விடியற்காலையிலும்தான் வலு அதிகம். டிசம்பர் வரை வடாமுக்குப் பெரிய ஆர்டர் எடுக்காமல் இருப்பது நல்லது.

இன்னொன்று. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணிப் பாருங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். ஆனால் இடி காதில் விழுந்துவிட்டாலே மின்னல் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறீர்கள். அப்போது வடாமைக் காப்பாற்ற மாடிக்கு ஓடாதீர்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துப் போங்கள். நனைந்தது நனையட்டும், மாவு மறுநாள் கிளறிக்கொள்ளலாம்.