பனியில் நாய் வண்டிச் சவாரி: 60 வயதில், பேத்தியோடு போகலாமா?

கேள்வி: டிசம்பரில் கனடாவில், கால்கரியில் இருக்கும் மகன் வீட்டுக்குக் கும்பகோணத்திலிருந்து போகிறோம். பனியில் நாய்கள் இழுக்கும் வண்டியில் போக டிக்கெட் போடட்டுமா என்கிறான். எனக்கு 60 வயது, பேத்திக்கு 5. முன்பின் பழக்கம் இல்லை. தைரியமாகப் போகலாமா?

தாராளமாகப் போகலாம். ஆனால் வண்டியை ஓட்டப் போகிறீர்களா, வெறுமனே உட்காரப் போகிறீர்களா என்பதை டிக்கெட் போடும்போதே முடிவு செய்துவிடுங்கள். குளிரெல்லாம் அப்புறம்.

எனக்குப் பாபநாசம் பக்கம். இரண்டு வருடம் முன்பு, சம்பா கதிர் விடும் நேரத்தில் வயலைத் தம்பி கையில் விட்டுவிட்டு நானும் வீட்டுக்காரியும் மகள் வீட்டுக்குப் போனோம். அவளும் கால்கரிதான். அங்கிருந்து மேற்கே சுமார் 100 கிலோமீட்டரில் கேன்மோர் என்று ஒரு மலையடி ஊர். உங்கள் மகனும் அநேகமாக அந்தப் பக்கம்தான் கூட்டிக்கொண்டு போவார்.

சின்ன வயதில் அப்பாவோடு நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு மாட்டு வண்டியில் போனவன் நான். பெரிய பையன் ஆனதும் நானே ஓட்டியிருக்கிறேன். மாட்டு வண்டி ஓட்டியவனுக்கு நாய் வண்டி ஒரு வித்தையா என்று உள்ளுக்குள் மிதப்பாகத்தான் இருந்தேன். காரை விட்டு இறங்கி ஐந்து நிமிடத்தில் அது போய்விட்டது. மாட்டைக் கிளப்புவதுதான் நமக்குப் பாடு. வாலை முறுக்க வேண்டும், அதட்ட வேண்டும். அங்கே நாய்களை நிறுத்தி வைப்பதுதான் பாடு. வாரில் பூட்டியதுமே ஆறு நாய்களும் குதித்து, ஊளையிட்டு, கயிற்றைக் கடித்து ஒரே ரகளை. வண்டியை ஒரு கம்பத்தில் கட்டி வைத்திருந்தார்கள், இல்லாவிட்டால் ஆள் ஏறும் முன்பே வண்டி போய்விடும். கட்டை அவிழ்த்தார்கள் பாருங்கள், அந்த நொடியே அத்தனை சத்தமும் நின்றது. சக்கரத்துக்குப் பதிலாக இருக்கும் மரச்சட்டம் பனியில் வழுக்கும் சத்தமும் நாய்களின் மூச்சும்தான். அதற்காகவே இன்னொரு முறை போவேன்.

நாய்களைப் பார்த்ததும் எனக்கு ஏமாற்றம்தான். ஓநாய் மாதிரி நீலக்கண் வைத்த பெரிய நாய்களை எதிர்பார்த்துப் போனேன். இவை ‘அலாஸ்கன் ஹஸ்கி’. ஒரே ஜாதி நாய் என்று சொல்ல முடியாது, ஓடுவதற்காகவே பல ஜாதிகளைக் கலந்து வளர்த்தவை. எடை 20, 25 கிலோ இருக்கும். நம் தெருவில் படுத்திருக்கும் செவலையைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். முன்னால் கட்டுகிற ஜோடி பலசாலியாக இருக்க வேண்டியதில்லை, சொன்னதைக் கேட்க வேண்டும். கட்டுமஸ்தான ஜோடியை வண்டியை ஒட்டிக் கட்டுகிறார்கள். மூக்கணாங்கயிறு, சாட்டை எதுவும் கிடையாது, எல்லாம் வாய் வார்த்தைதான். வலது பக்கம் திரும்ப ‘ஜீ’, இடது பக்கம் ‘ஹா’. ஆங்கிலம் பேசும் விவசாயிகள் ஏர் மாட்டுக்கும் குதிரைக்கும் சொன்ன அதே சொற்கள். கேட்டதும் எனக்குக் கொஞ்சம் சொந்தம் வந்த மாதிரி இருந்தது.

புதிதாக வருகிறவர்களுக்கு அந்தச் சொற்கள்கூடத் தேவைப்படாது. வழிகாட்டி முன்வண்டியில் போவார், பின்னால் வரும் நாய்கள் தாமாகவே தொடரும். உங்கள் வேலை பிரேக். உட்காருபவர் முன்னால் இருப்பார், ஓட்டுபவர் பின்னால் நிற்பார். அவரது இரண்டு காலுக்கும் நடுவில் பல் வைத்த ஓர் இரும்புச் சட்டம் இருக்கும், மிதித்தால் பனியில் கொத்தி இறங்கும். நின்ற பிறகும் காலை எடுக்கக் கூடாது. நங்கூரம் மாதிரி ஒரு கொக்கி தருவார்கள், அதைப் பனியில் மிதித்து இறக்கினால்தான் வண்டி நின்றதாக அர்த்தம். மேடு வந்தால் ஒரு காலால் உந்தித் தள்ள வேண்டும், சில இடத்தில் இறங்கிக் கூடவே ஓடவும் வேண்டும். முழங்கால் தகராறு உள்ளவர்களுக்கு இது ஆகாது.

கிளம்பும் முன் அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: விழுந்தாலும் கைப்பிடியை விடாதே. விட்டால் நாய்கள் நிற்காது, உட்கார்ந்திருப்பவரோடு வண்டி போய்விடும். எனக்கு அது அன்றைக்கே வேலைக்கு வந்தது. வளைவில் உடம்பை உள்பக்கம் சாய்க்காமல் விறைத்துக்கொண்டு நின்றேன், வண்டி குடை சாய்ந்துவிட்டது. உள்ளே இருந்த மருமகன் பனியில் உருண்டார். நான் கைப்பிடியை விடவில்லை, பத்தடி தரதரவென்று இழுத்துக்கொண்டு போயின. புதுப்பனி வைக்கோல் போர் மாதிரி இருந்ததால் அடியில்லை. மருமகன் சிரித்துவிட்டார், எனக்குத்தான் மானம் போயிற்று.

அதனால் சொல்கிறேன், பேத்தியும் உங்கள் வீட்டம்மாவும் வழிகாட்டியே ஓட்டும் வண்டியில் உட்காரட்டும். எங்கள் பேரனும் பாட்டியும் அப்படித்தான் போனார்கள். கம்பளி போர்த்தி, கால் நீட்டி, தொட்டிலில் போல உட்காரலாம். எழுந்திருக்கும்போதுதான் கை கொடுக்க ஆள் வேண்டும். இன்னொன்று, நாய்கள் ஓடிக்கொண்டே கழியும், காற்று நேராக உட்கார்ந்திருப்பவர் மூக்குக்குத்தான் வரும். என் வீட்டுக்காரி இன்றைக்கும் அந்தச் சவாரியைப் பற்றி முதலில் சொல்வது அதைத்தான்.

குளிர் விஷயம். மார்கழியில் 20 டிகிரிக்கே குரங்குக் குல்லா போடும் கூட்டம் நாம். அன்றைக்கு அங்கே மைனஸ் 14. பருத்தி பனியன் மட்டும் வேண்டாம், வியர்வையைக் குடித்துக்கொண்டு உடம்பிலேயே குளிரும். உள்ளே கம்பளி அல்லது செயற்கை இழைத் துணி, மேலே காற்றுப் புகாத கோட்டு. இரண்டு சாக்ஸைத் திணித்து ஷூவை இறுக்காதீர்கள், ரத்த ஓட்டம் குறைந்து விரல் இன்னும் விறைக்கும். சர்க்கரை இருந்து காலில் மதமதப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் போகவே வேண்டாம், பனி கடிப்பது காலுக்குத் தெரியாது. முதுகுவலிக்காரர்களும் யோசிக்க வேண்டும், வழி முழுக்கக் குலுங்கும். செல்போனை உள்பையில் வையுங்கள், குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கிவிடும். கிளம்பும் முன் கழிப்பறைக்குப் போய்விடுங்கள். அத்தனை உடுப்பைக் காட்டு நடுவில் கழற்றி மாட்டுவது நடக்காத காரியம்.

நல்ல வெயில் நாளாகப் பார்த்துப் போகலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஓடுகிற நாய்களுக்குக் குளிர்தான் சௌகரியம். அந்தப் பக்கம் குளிர்காலத்திலேயே ‘சினூக்’ என்று ஒரு வெப்பக்காற்று வீசும், ஒரே நாளில் பனியைக் கரைத்துவிடும். அப்படி வந்தால் சவாரியே ரத்தாகலாம். ஊருக்குத் திரும்பும் கடைசி வாரத்தில் வைத்துக்கொள்ளாமல் போனதும் ஒரு தேதி போடச் சொல்லுங்கள், தள்ளிப்போனாலும் இன்னொரு நாள் கிடைக்கும்.

நாய்களைக் கொடுமைப்படுத்துகிறார்களோ என்று எனக்கும் சந்தேகம் இருந்தது. வயதான நாய்களை என்ன செய்கிறீர்கள், நாளைக்கு எத்தனை நடை ஓட்டுகிறீர்கள் என்று மகன் போன் பண்ணும்போது கேட்கட்டும். பதில் சொல்லத் தயங்கும் இடத்துக்குப் போக வேண்டாம். பேத்தி வயதுக் குழந்தைகளை ஏற்றுவார்களா என்பதையும் அதே போனில் கேட்டுவிடுங்கள், அது இடத்துக்கு இடம் மாறும். காசை மட்டும் ரூபாயில் பெருக்கிப் பார்க்காதீர்கள், அப்புறம் வண்டியில் ஏற மனசு வராது.