அந்த எஞ்சின் 1936இல் இல்லை: பழைய ரயில் படங்களில் ஊரையும் ஆண்டையும் கண்டுபிடிப்பது

கேள்வி: எங்கள் வீட்டு இரண்டாம் கட்டு அறையை ஒழித்தபோது ஐயா (தாத்தா) காலத்து ஆல்பம் ஒன்று கிடைத்தது. அதில் மூன்று ரயில் படங்கள். முதல் படத்தில் ஐயா ஒரு கரி எஞ்சின் பக்கத்தில் நிற்கிறார். எஞ்சின் மேல் ஆங்கிலத்தில் ஒய்.பி. என்றும், 2இல் தொடங்கும் நாலு இலக்க எண்ணும் தெரிகின்றன. 1936இல் பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்யப் போகும்போது செட்டிநாடு ஸ்டேஷனில் எடுத்தது என்று வீட்டில் சொல்வார்கள். இரண்டாவது படத்தில் உறவுக்காரர்கள் கூட்டமாக நிற்க, பின்னால் பெயர்ப் பலகையில் ‘மதுரை’ மட்டும் தெரிகிறது. அதற்கு முன்னால் சுழித்துக்கொண்டு ஓர் எழுத்தின் பாதி. மூன்றாவதில் ஐயாவும் இன்னும் நாலு பேரும் கோட்டு போட்டு நிற்க, பின்னால் குவிமாடங்கள் உள்ள பெரிய கட்டடம், ஓரத்தில் ரயில் பெட்டி. எந்த ஊர், எந்த ஆண்டு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (காரைக்குடி வாசகர்)

பதில்: முதல் படத்திலிருந்தே தொடங்குகிறேன், அதற்குத்தான் உறுதியாகப் பதில் சொல்ல முடிகிறது. எழுத்தை நீங்கள் சரியாகப் படித்திருந்தால், அது 1936இல் எடுத்த படம் அல்ல. ஒய்.பி. வகையின் முதல் எஞ்சின்கள் அமெரிக்காவின் பால்ட்வின் கம்பெனியிலிருந்து 1949இல்தான் வந்தன. பிறகு ஜெர்மனியிலும் ஸ்காட்லாந்திலும் செய்தார்கள். 1950களின் நடுவிலிருந்து 1970 வரை டாடாவின் டெல்கோ கம்பெனி இங்கேயே செய்தது. மொத்தம் 871 எஞ்சின்கள், எண்கள் 2000 முதல் 2870 வரை. நீங்கள் பார்த்த எண் அதற்குள் அடங்குகிறது.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் உண்டு. தமிழில் ஒய்.பி. என்று எழுதினால் இரண்டு வகை எஞ்சின்கள் ஒன்றுபோலத் தெரியும். ஆங்கிலத்தில் அது ஒரு வயிறு உள்ள எழுத்தா (P), இரண்டு வயிறு உள்ள எழுத்தா (B) என்று பாருங்கள். இரண்டு வயிறு என்றால் அது 1920களின் பிற்பகுதியில் இந்திய மீட்டர் கேஜ் (தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் உள்ள) பாதைகளுக்கென்று வகுத்த பழைய வகை. அப்போது 1936 மறுபடியும் சாத்தியமாகிவிடும். சக்கரத்தை எண்ணி இதைத் தீர்க்க முடியாது. இரண்டு வகையிலும் முன்னால் சின்னச் சக்கரம் நாலு, நடுவில் பெரிய சக்கரம் ஆறு, பின்னால் சின்னது இரண்டு. படத்தில் ஒரு பக்கம்தான் தெரியும் என்பதால் 2, 3, 1 என்று எண்ணுவீர்கள். எண்ணை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். 2இல் தொடங்கும் நாலு இலக்கம் என்றால் புதிய வகை. பழைய எஞ்சின்களுக்கு முதலில் அந்தந்த ரயில்வே கம்பெனியின் எண், பிற்பாடு அகில இந்திய வரிசையில் ஐந்து இலக்க எண். ஊட்டி மலை ரயிலின் பழைய எஞ்சின்களில் 37 ஆயிரத்துச் சொச்சம் என்று பார்த்திருப்பீர்களே, அந்த வரிசைதான்.

சக்கரம் எண்ணுவது வேறு இடத்தில் கைகொடுக்கும். பெரிய சக்கரம் மூன்றுக்குப் பதில் நாலு தெரிந்து, முன்னும் பின்னும் ஒவ்வொரு சின்னச் சக்கரம் இருந்தால் அது ஒய்.ஜி., சரக்கு இழுக்க வந்த வகை. மூக்கு கூம்பு போல நீண்டு நட்சத்திரம் வரைந்திருந்தால் அது டபிள்யூ.பி., பிராட் கேஜ் என்ற அகலப் பாதையின் எஞ்சின். செட்டிநாட்டுப் பாதை கரி எஞ்சின் காலம் முழுக்க மீட்டர் கேஜ்தான். அதனால் அந்தக் கூம்பு மூக்கு வந்த படம் மெட்ராஸ் சென்ட்ரல், ஈரோடு, கோயம்புத்தூர் போன்ற இடங்களில் எடுத்ததாக இருக்கலாமே தவிர, காரைக்குடியிலோ கோட்டையூரிலோ எடுத்ததாக இருக்காது.

ஆக, ஐயா 1949க்குப் பிறகு ஒரு நாள் அந்த எஞ்சின் பக்கத்தில் நின்றிருக்கிறார். அதற்கு மேல் எஞ்சின் எதுவும் சொல்லாது. ஓர் எஞ்சின் முப்பது நாற்பது வருஷம் ஓடும், ஆகவே அது ‘இதற்கு முன்னால் இல்லை’ என்ற எல்லையை மட்டும் தரும். ‘இதற்குப் பின்னால் இல்லை’ என்ற எல்லையை வேறு இடத்தில் தேட வேண்டும். பழைய ரயில் படத்தில் தேதி கண்டுபிடிப்பது முழுக்க இந்த இரண்டு எல்லைகளையும் நெருக்கிக்கொண்டு வரும் வேலைதான். பலர் எஞ்சின் செய்த ஆண்டையே படம் எடுத்த ஆண்டாக எழுதிவிடுகிறார்கள், அங்கேதான் தப்பு நுழைகிறது.

உங்களிடம் உள்ள படத்தில் மறு எல்லைக்கு இரண்டு இடம் பாருங்கள். ஒன்று, எஞ்சினுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் கரி, தண்ணீர் வண்டியான டெண்டர். அதில் எஸ்.ஐ.ஆர். என்று ஆங்கில எழுத்து இருந்தால் அது தென்னிந்திய ரயில்வேயின் பெயர். 1951 ஏப்ரல் 14 அன்று அது மற்ற இரண்டு ரயில்வேக்களோடு சேர்ந்து தெற்கு ரயில்வே ஆனது. பழைய எழுத்தை மறுநாளே அழித்துவிட மாட்டார்கள், ஓரிரு வருஷம் தள்ளிப் பிடியுங்கள். இன்னொன்று, பெட்டி. கதவுப் பக்கம் ரோமன் எண் மூன்று தெரிந்தால் அது மூன்றாம் வகுப்பு, 1974இல் எடுத்துவிட்டார்கள்.

இடம் செட்டிநாடு ஸ்டேஷன்தானா? செட்டிநாடு என்பது நம் பகுதிக்கே பெயர் என்றாலும், ரயில்வேயில் அது கானாடுகாத்தானுக்கான ஸ்டேஷன். படத்தின் பின்னால் யாராவது ‘செட்டிநாட்டில்’ என்று எழுதியிருந்தால், அந்த ஸ்டேஷனைச் சொன்னாரா, ‘நம்ம ஊர்ப் பக்கம்’ என்று பொதுவாகச் சொன்னாரா என்பதே கேள்வி. திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு 1929இலும், அங்கிருந்து காரைக்குடி வழியாக மானாமதுரைக்கு 1930இலும் பாதை போட்டார்கள். அதற்கு முந்தைய படம் என்று உறுதியாகத் தெரிந்தால், செட்டிநாட்டு ஸ்டேஷன் எதுவும் பொருந்தாது; ரயிலேற மானாமதுரைக்கோ, 1903 முதல் ரயில் வந்த அறந்தாங்கிக்கோ, திருச்சிக்கோதான் போயிருப்பார்கள். 1952இல் அறந்தாங்கிப் பாதை வந்து சேர்ந்த பிறகுதான் காரைக்குடி ஜங்ஷன் ஆனது. பலகையில் ஜங்ஷன் என்று இருந்தால் அதையும் கணக்கில் எடுங்கள்.

படத்தின் ஓரங்களையும் விடாதீர்கள். பாறை மேல் கோட்டை மதில் தெரிந்தால் முதலில் திருமயத்தை நினையுங்கள். ஸ்டேஷனுக்கு வெளியே இரட்டைப் பாதை இருந்தால் நம் பக்கம் இல்லை. மீட்டர் கேஜ் பாதைக்கு மேலே மின்கம்பி இருந்தால் அது மெட்ராஸ் பக்கம்: பீச்–தாம்பரம் மின்பாதை 1931இல் வந்தது, 1960களில் விழுப்புரம் வரை நீண்டது. தண்டவாளத்துக்கு நடுவில் பல் வைத்த இரும்புப் பட்டை இருந்தால் மேட்டுப்பாளையம்–குன்னூர். செட்டியார் வீட்டு ஆல்பங்களில் ஊட்டிப் பயணப் படங்கள் நிறைய இருக்கும், அதனால் இதைச் சொல்கிறேன். எந்த கேஜ் என்று சந்தேகம் வந்தால் கட்டையைப் பாருங்கள். மீட்டர் கேஜ் மரக்கட்டை சுமார் 1.8 மீட்டர் நீளம், பிராட் கேஜ் கட்டை 2.75 மீட்டர். பக்கத்தில் ஆளைப் படுக்க வைத்தால் கட்டை அவர் நீளத்தோடு முடிகிறதா, இன்னும் பாதி ஆள் நீளம் மிஞ்சுகிறதா என்று மனதில் அளந்தாலே போதும்.

நிழலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மத்தியான நிழல் வடக்கே விழும் என்று வெளிநாட்டுக் கையேடுகளில் படித்துவிட்டு, அதை வைத்துக் கட்டடத்தின் திசையைச் சொல்பவர்கள் உண்டு. காரைக்குடி பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 10 டிகிரியில்தான் இருக்கிறது. சித்திரை தொடக்கத்திலிருந்து ஆவணி நடுப்பகுதி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே போய்விடும், நிழல் தெற்கே விழும். மாதம் தெரியாமல் மத்தியானப் படத்தில் திசை சொல்லாதீர்கள். காலை, மாலைப் படங்களில் நீண்ட நிழலை நம்பலாம்.

இரண்டாவது படம் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் தமிழ் படிக்கத் தெரிந்தவர்களால் மட்டுமே தீர்க்க முடிகிற புதிர் அது. ‘மதுரை’க்கு முன்னால் சுழித்த எழுத்து என்று எழுதியிருக்கிறீர்கள். அது பழைய ‘னா’வாக இருக்க வேண்டும். 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும் வரை ‘னா’வைத் துணைக்கால் போட்டு எழுதவில்லை, ‘ன’வின் வாலையே கீழே இழுத்துச் சுழித்தார்கள். ‘ணா’, ‘றா’ இரண்டும் அப்படித்தான். ‘னை’, ‘லை’ போன்றவற்றுக்கு முன்னால் கொம்பு இருந்தது. உங்கள் வீட்டுப் பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள், உடனே தெரிந்துவிடும். ஆக ஊர் மதுரை இல்லை, மானாமதுரை. ஆண்டைப் பொறுத்தவரை கவனம் தேவை: துணைக்கால் உள்ள புதிய ‘னா’ இருந்தால் நிச்சயம் 1978க்குப் பின்; பழைய ‘னா’ இருந்தால் 1978க்கு முன் என்று அடித்துச் சொல்ல முடியாது, பலகைக்கு மறுபடி பெயின்ட் அடிக்கும் வரை பழைய எழுத்தே நின்றிருக்கும்.

அதே பலகையில் இந்தி வரி இருக்கிறதா என்று பாருங்கள். 1950களின் தொடக்கத்தில் ஸ்டேஷன் பலகைகளில் இந்தி வந்துவிட்டது. அதன் மேல் தார் பூசும் போராட்டங்களும் அப்போதே நடந்தன. தமிழும் ஆங்கிலமும் மட்டும் இருந்தால் அதற்கு முந்தைய பலகை என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரு வரி இருக்க வேண்டிய இடம் மட்டும் கறுத்துக் கிடந்தால், அதைப் பிரின்ட் கெட்டுப்போனது என்று தள்ளிவிடாதீர்கள். பலகையின் கீழே கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்றும் எழுதியிருப்பார்கள். அது அடியில் இருந்தால் பழையது. மீட்டரில் இருந்தால் மெட்ரிக் அளவுகள் வந்த பிறகு, அதாவது 1950களின் கடைசிக்குப் பிறகு எழுதியது.

மூன்றாவது படத்துக்கு மட்டும் நம் ஊர் வரலாற்றை நினைவில் வைத்துப் பார்க்க வேண்டும். ஐயா தலைமுறை ரங்கூன், பினாங்கு, கோலாலம்பூர், கொழும்பு என்று போய்வந்த தலைமுறை. பர்மாவிலும் மலாயாவிலும் ஓடியது மீட்டர் கேஜ்தான். 1937 வரை பர்மா இந்தியாவோடு சேர்ந்தே இருந்ததால் அங்கே ஓடிய எஞ்சின்களும் இங்கே ஓடியவையும் பல சமயம் ஒரே குடும்பம். எஞ்சினையும் கேஜையும் மட்டும் பார்த்தால் கடல் கடந்த படத்தை நம் ஊர்ப் படம் என்று நினைத்துவிடுவோம். இலங்கை மட்டும் பெரும்பாலும் பிராட் கேஜ்.

குவிமாடம் என்றதும் எனக்கு இரண்டு ஸ்டேஷன்கள் தோன்றுகின்றன: 1908இல் திறந்த மெட்ராஸ் எழும்பூர், 1910இல் வந்த கோலாலம்பூர். இரண்டும் இஸ்லாமியச் சாயல் கலந்த பாணி, இரண்டிலும் அப்போது மீட்டர் கேஜ். எழும்பூர் செங்கல் கட்டடம், கறுப்பு வெள்ளைப் படத்தில் சுவர் அடர்ந்த சாம்பலாக விழும். கோலாலம்பூர் வெளுத்த சுவர். மெல்லிய தூண்களின் உச்சியில் சின்னச் சின்னக் குடைகள் வரிசையாக நிற்கும். ரயில் பெட்டிக்கு ஒட்டினாற்போல் மோட்டார் கார் நின்றால் எழும்பூருக்கு ஒரு ஓட்டு கூடுதல், அங்கே பிளாட்பாரம் வரை கார் போகும். ரங்கூன் ஸ்டேஷனும் வேறு மாதிரி: பர்மியக் கோயில்போல் அடுக்கடுக்கான கூரை உள்ள இப்போதைய கட்டடம் 1954இல் திறந்தது, பழையது போரில் போய்விட்டது. அந்தக் கூரை தெரிந்தால், 1942இல் போருக்குப் பயந்து நம்மவர்கள் பர்மாவை விட்டு ஓடிவந்த பிறகும் யாரோ திரும்பிப் போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். அது குடும்ப வரலாற்றுக்கே பெரிய செய்தி.

இனி படத்தைக் கையாளும் விதம். ஆல்பத்தில் ஒட்டியிருக்கும் படத்தைப் பிய்க்காதீர்கள். பக்கத்தோடு சேர்த்து 1200 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்யுங்கள். தனியாக வரும் படம் என்றால் பின்பக்கத்தையும் கட்டாயம் ஸ்கேன் செய்யுங்கள், ஸ்டூடியோ முத்திரை அங்கேதான் இருக்கும். படம் இடம் வலம் மாறிப் பிரின்ட் ஆகியிருக்கிறதா என்று பார்க்க ஆண்களின் சட்டைப் பையைக் கவனியுங்கள், அது இடது மார்பில் இருக்க வேண்டும்.

போனில் இப்போது கிடைக்கும் ‘தெளிவாக்கும்’ செயலிகளில் அந்த எஞ்சின் எண்ணைப் போடவே போடாதீர்கள். மங்கிய இடத்தில் என்ன இருந்தது என்று அவற்றுக்குத் தெரியாது. இருக்கக்கூடியதை வரைந்து தரும். 3ஐ 8 ஆக்கிவிடும், ஒரு வயிறு எழுத்துக்கு இரண்டாவது வயிறு போட்டுவிடும். அதற்குப் பிறகு அசலை யாரும் பார்க்க மாட்டார்கள், தப்பான எண்தான் குடும்பத்தில் சுற்றும். வெளிச்சம், அழுத்தம் கூட்டிக் குறைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கண்டுபிடித்ததை எழுதும்போது காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள். ‘மானாமதுரை, பலகையின் பழைய னாவை வைத்து’, ‘1949க்குப் பின், எஞ்சின் எண்ணை வைத்து’, ‘செட்டிநாடு ஸ்டேஷன், வீட்டில் சொல்வது மட்டும்’. பிற்பாடு ஒருவர் வேறு ஆதாரம் கொண்டுவந்தால் எதைத் திருத்த வேண்டும் என்று அவருக்குத் தெரியும். கோட்டையூர் ரோஜா முத்தையா ஒருவராகச் சேர்த்த அச்சுப் பிரதிகள் இன்று சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. நம் பக்கத்து வீடுகளில் காகிதம் சேர்க்கும் பழக்கம் இருந்தது; படங்களுக்கு மட்டும் குறிப்பு எழுதாமல் விட்டுவிட்டோம்.

வீட்டில் சொல்லும் கதையைத் தூக்கிப் போட வேண்டாம். 1936 பயணம் உண்மையாகவே இருக்கலாம், படம்தான் வேறு பயணத்தில் எடுத்தது. வயதானவர்களிடம் ‘இது செட்டிநாடு ஸ்டேஷன்தானே?’ என்று கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும். ‘ஐயாவோடு நிற்கும் இந்தப் பையன் யார், அப்போது அவனுக்கு எத்தனை வயது?’ என்று அப்பத்தாவிடம் கேட்டுப் பாருங்கள். பிறந்த வருஷம் தெரிந்த ஒரு குழந்தை படத்தில் இருந்தால், எஞ்சின் தராத மறு எல்லை அங்கேயே கிடைத்துவிடும்.