உங்கள் பென்ஷன் டிரஸ்டியை யார் வேலையை விட்டு அனுப்ப முடியும்?

பிரிட்டனில் வேலை பார்க்கும் வாசகர்கள் கம்பெனி பென்ஷன் பற்றிக் கேட்டவற்றில் நான்கு. டிரஸ்டி என்றால் பென்ஷன் திட்டத்தில் சேர்ந்த உறுப்பினர்களுக்காக அதன் நிதியைப் பொறுப்பேற்று நடத்துபவர்.

எங்கள் டிரஸ்டி குழுவில் ஊழியர் பிரதிநிதிகள் இருந்தார்கள். அதைக் கலைத்துவிட்டு ஒரு தொழில்முறை நிறுவனத்தை மட்டும் டிரஸ்டியாகப் போட்டிருக்கிறார்கள். செல்லுமா?

செல்லும். 2004 பென்ஷன் சட்டப்படி டிரஸ்டிகளில் மூன்றில் ஒரு பங்காவது உறுப்பினர்கள் முன்மொழிந்தவர்களாக இருக்க வேண்டும். ஆனால் கம்பெனியைச் சாராத ஒரு நிறுவனமே தனி டிரஸ்டியாக இருந்தால் விலக்கு உண்டு.

விஷயம் தெரிந்தவர்கள் வருகிறார்கள், முடிவுகள் வேகமாக நடக்கும். சரி, இழப்பது என்ன? உறுப்பினர் பிரதிநிதி ஒருவரை நீக்க மற்ற எல்லா டிரஸ்டிகளும் சம்மதிக்க வேண்டும். முதலாளிக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக அவரை அனுப்ப முடியாது. தனி டிரஸ்டியின் கதை வேறு. திட்டத்தின் விதிகளைச் சொல்லும் டிரஸ்ட் பத்திரத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், உறுப்பினருக்கு அந்த உரிமை உண்டு. நியமிக்கும், நீக்கும் அதிகாரம் யாருக்கு என்ற ஷரத்தைத் தேடுங்கள். பெரும்பாலும் கம்பெனிக்குத்தான் இருக்கும். அப்படியென்றால் ஒரே கடிதத்தில் ஆளை மாற்றிவிடலாம். கம்பெனியிடம் கூடுதல் பணம் கேட்டுக் கறாராகப் பேச வேண்டிய நாளில், எதிரே இருப்பவர் தன்னை மாற்றக்கூடியவர் என்பது டிரஸ்டிக்கு மறக்காது. நேர்மையானவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் அவர்களுடைய நேர்மையை மட்டும் நம்பியிருக்கும் ஏற்பாடு எனக்குப் பிடிப்பதில்லை.

டிரஸ்டி நிறுவனமே கூட்டங்களையும் ஆவணங்களையும் கவனிக்கும் செயலர் வேலையையும் செய்து தனியாக பில் போடுகிறது. தப்பில்லையா?

சட்டத்தில் தடை இல்லை. டிரஸ்டியே திட்டத்தின் ஆடிட்டராகவோ, வருங்கால பென்ஷன் பொறுப்பைக் கணக்கிடும் ஆக்சுவரியாகவோ இருக்கத்தான் தடை. நான் பார்த்த ஒரு கூட்டத்தில் செயலர் கட்டண உயர்வு அஜெண்டாவில் ஒன்பதாவதாக இருந்தது. கேட்டவர், ஒப்புதல் தந்தவர் இருவருடைய மின்னஞ்சலும் ஒரே நிறுவன முகவரி. இரண்டு நிமிடத்தில் முடிந்தது! வேறு இடத்தில் விலை கேட்டார்களா என்று யாரும் கேட்கவில்லை, கேட்க அங்கே வேறு ஆளும் இல்லை. ஆண்டறிக்கையை வாங்கி நிர்வாகச் செலவை மூன்று வருடத்துக்கு ஒப்பிட்டுப் பாருங்கள். அப்புறம், அந்த வேலையை யார் கொடுத்தார்கள், போட்டி விலை வாங்கினார்களா என்று எழுத்தில் கேளுங்கள்.

நான் உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்த டிரஸ்டி. எங்கள் தொழிலில்தான் முதலீடு செய்ய வேண்டும் என்று யூனியன் சொல்கிறது.

நிலக்கரிச் சுரங்கப் பென்ஷன் திட்டத்தில் இதே தகராறு நடந்திருக்கிறது. பத்து டிரஸ்டிகளில் ஐந்து பேர் யூனியன்காரர்கள், ஆர்தர் ஸ்கார்கில் அதில் ஒருவர். வெளிநாட்டு முதலீடும், நிலக்கரியோடு போட்டியிடும் எரிசக்தித் துறை முதலீடும் கூடாது என்று அடம் பிடித்தார்கள். 1984-ல் நீதிபதி மெகாரி அதை ஏற்கவில்லை: பென்ஷன் வாங்குவோரின் நலனே முதலில், சொந்தக் கொள்கை அதற்குப் பின்னால்தான் என்றார். உங்களைத் தேர்ந்தெடுத்தது உறுப்பினர்கள்தான். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்தபின் நீங்கள் அவர்களுடைய தூதர் அல்ல. யூனியனிடம் அதைப் பளிச்சென்று சொல்லிவிடுங்கள்.

முதலாளி பென்ஷன் பணத்தை எடுத்துக்கொள்ள முடியுமா?

பத்திரிகை முதலாளி ராபர்ட் மேக்ஸ்வெல் 1991 நவம்பரில் இறந்தபின் அவருடைய மிரர் குழும பென்ஷன் நிதிகளில் 40 கோடி பவுண்டுக்கு மேல் காணாமல் போயிருந்தது தெரிந்தது. 1995 பென்ஷன் சட்டம் வந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம். இன்று முதலாளிக்குக் கடன் கொடுக்கவே கூடாது. முதலாளி சார்ந்த மற்ற முதலீடுகள் பொதுவாக 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதையும் ஆண்டறிக்கையிலேயே பார்க்கலாம்.