ரத்தத்தில் குறையும் சத்தை மாத்திரையால் ஏற்றினால் நாள்பட்ட நோய்களைத் தடுக்கலாமா?

ரிப்போர்ட்டில் ஒரு சத்து குறைவாக இருந்தால் மாத்திரை போட்டு ஏற்றிவிடலாமே, நோய் வராதே என்று கேட்டிருக்கிறீர்கள். கணக்கு அவ்வளவு நேரானதில்லை.

கேரட் போன்ற காய்கறிகளிலும் பழங்களிலும் இருக்கும் பீட்டா கரோட்டின் என்ற சத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தில் இது கூடுதலாக இருந்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக வந்ததைப் பல ஆய்வுகள் காட்டின. சரி, கொடுத்துத்தான் பார்ப்போமே என்று பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைச் சேர்த்து, பாதிப் பேருக்கு பீட்டா கரோட்டின் கொடுத்தார்கள். 1994-இல் முடிவு வந்தபோது, அதைச் சாப்பிட்டவர்களிடம் அந்தப் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது! ரத்தத்தில் தெரிந்த அளவு, அவர்கள் காய்கறியும் பழமும் நிறையச் சாப்பிடுகிறார்கள் என்பதற்கான அடையாளம் மட்டுமே என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

அப்புறம், நோயே அளவை மாற்றிவிடும். உடலில் அழற்சி இருந்தால், இரும்புச்சத்தின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் என்ற புரதம் ரத்தத்தில் ஏறும். அதனால் இரும்புச்சத்து குறைந்தவருக்கும் எல்லாம் சரி என்று ரிப்போர்ட் சொல்லக்கூடும்.

நம்பக்கூடிய பரிசோதனைகளும் உண்டு. சாப்பிட்ட சோடியத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் சிறுநீரில் வெளியேறுவதால், 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்து அளந்தால் உப்பு எவ்வளவு என்று தெரிந்துவிடும். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இது முக்கியம்.

நீங்கள் புகைபிடிப்பவர் என்றால், தயவுசெய்து பீட்டா கரோட்டின் மாத்திரையைத் தொடாதீர்கள்.