வாங்குமுன் கேளுங்கள்: இறக்குமதித் துவக்கும் ‘சி.ஏ. 18’ முத்திரையும்

2018 ஒக்டோபரில் எனக்கு வந்த கடிதங்களில் பாதி துவக்கைப் பற்றியவை, பதில்களும் அப்போது எழுதியவை. காரணம் டிசம்பர் 1, 2018. அன்றிலிருந்து கனடாவுக்குள் இறக்குமதியாகும் துவக்கின் உடற்பகுதியில், அதாவது ரிசீவரில், ‘கனடா’ என்ற சொல்லோ ‘சி.ஏ.’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளோ, கூடவே இறக்குமதி ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களும் பொறிக்கப்பட வேண்டும் என்றது விதி. 2004இல் எழுதிய விதி இது. 2006 ஏப்ரலில் வரும் என்றார்கள், வரவில்லை. தள்ளித் தள்ளி, 2017 ஜூன் 1இலிருந்து 2018 டிசம்பருக்கு வந்து நின்றது. அந்த டிசம்பரிலும் வரவில்லை, 2023க்குத் தள்ளிவிட்டார்கள். இந்த இழுபறியைக் காட்டிக் காசு பறிக்கிறவர்களும் கிளம்பிவிட்டார்கள். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: வாத்து வேட்டைக்குப் புது ஷொட்கன் வாங்கினேன். பில்லில் ‘அரச முத்திரைக் கட்டணம்’ என்று 60 டொலர் போட்டிருக்கிறார்கள். துவக்கைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தும் அப்படி ஒரு முத்திரை இல்லை. கேட்டால் ‘சட்டம் வருகிறது, எல்லாரும் கட்டத்தான் வேண்டும்’ என்கிறார்கள். (மார்க்கம்)

பதில்: உங்களிடம் ஒரு பிழையும் இல்லை. உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். நீங்கள் வாங்கியபோது விதி நடைமுறைக்கு வந்திருக்கவில்லை. வந்த பிறகும் முத்திரை குத்துவிக்க வேண்டியவர் இறக்குமதி செய்பவர், நீங்கள் அல்ல. கடைக்காரர் தன் செலவை விலையில் சேர்க்கலாம். அது அவர் உரிமை. ஆனால் இல்லாத கட்டணத்தை அரசாங்கத்தின் பெயரில் வாங்க முடியாது.

ரிசீவரின் இரண்டு பக்கத்தையும் படம் எடுங்கள். பில்லில் அந்த வரி இருப்பது உங்கள் அதிர்ஷ்டம், பத்திரமாக வையுங்கள். ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொய்யான தகவல் சொல்லி விற்பது முறையற்ற வியாபாரம். அப்படி விற்ற ஒப்பந்தத்தை ஒரு வருடத்துக்குள் அறிவித்து ரத்துச் செய்ய வாங்கியவருக்கு உரிமை உண்டு. துவக்கைத் திருப்பிக் கொடுக்க விருப்பமில்லை என்றால் 60 டொலரையாவது திருப்பித் தரும்படி கடிதம் எழுதுங்கள். வாயால் கேட்காதீர்கள், எழுதிக் கேளுங்கள்.

கேள்வி: 1998இல் வாங்கிய துவக்கு என்னிடம் இருக்கிறது. அதையும் கொண்டுபோய் முத்திரை குத்த வேண்டுமா? (ஏஜக்ஸ்)

பதில்: வேண்டாம். உள்ளே வந்துவிட்ட துவக்கை இந்த விதி தொடாது.

கேள்வி: இனி ‘கனடா’ என்று பொறித்திருந்தால் இங்கே செய்தது என்று நம்பலாமா? (பிரம்டன்)

பதில்: நம்ப வேண்டாம். இந்த விதிப்படி, இங்கே செய்ததில் தயாரிப்பாளர் பெயர், தொடரிலக்கம், ‘கனடா’ இருக்கும். வெளியிலிருந்து வந்ததில் ‘கனடா’வோடு ஆண்டின் இரண்டு இலக்கங்கள் இருக்கும். இலக்கத்தைப் பாருங்கள்.

கேள்வி: இரண்டாம் உலகப் போர்க்காலத் துவக்குகளைச் சேர்க்கிறேன். ஐரோப்பாவிலிருந்து ஒன்று வரவழைக்க இருந்தேன். அதிலும் முத்திரை குத்தினால் அதன் மதிப்பு என்ன ஆகும்? (ஒட்டாவா)

பதில்: இதைப் பற்றி எழுத எனக்குப் பல வருடக் கோபம் இருக்கிறது. கொஞ்சம் பொறுத்து வாசியுங்கள்.

முதலில் உங்களுக்கு வேண்டியது: அரிதான துவக்குகளுக்கும், முத்திரையால் மதிப்புப் பெரிதாகக் குறையக்கூடிய, அதன் வகைக்கு வழக்கத்தை விட விலை கூடிய துவக்குகளுக்கும் விதியில் தனி ஏற்பாடு இருக்கிறது. தருவிக்க முன்னரே எழுதிக் கேளுங்கள். வந்து சேர்ந்த பிறகு ஓடித் திரியாதீர்கள்.

இனி என் கோபம். அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து இறக்குமதியாளரின் பெயரும் ஊரும் துவக்கிலே இருக்க வேண்டும். பொறிப்பின் ஆழம் குறைந்தது 0.076 மில்லிமீற்றர். நாம் எழுதும் ஒரு தாளின் தடிப்புக்கும் குறைவுதான். ஆனால் உருக்கின் மேலுள்ள கருநீலப் பூச்சைக் கிழித்துக்கொண்டு போக அது போதும். பிறகு எண்ணெய் போடாமல் விட்டால் கறள் அங்கிருந்துதான் தொடங்கும். தென் கொரியாவுக்கு உதவியாகப் போய் 1980களில் அமெரிக்கா திரும்பிய எம்1 கரண்ட் என்ற அமெரிக்க இராணுவத் துவக்குகளைப் பாருங்கள். குழலின் மேல் இறக்குமதியாளரின் பெயர் குத்தியிருக்கும். சேகரிப்பவர்கள் அதைக் கண்டதும் விலையைக் குறைத்துக் கேட்பார்கள்.

இதனால்தான் விற்பவர்கள் சிலர் அரத்தை எடுக்கிறார்கள். பதினைந்து வருடத்துக்கு முன் நான் வாங்கிய லீ-என்பீல்ட், அதாவது பழைய பிரித்தானிய இராணுவ றைபிள், அப்படி வந்தது. இடப்பக்கம் ‘லோங் பிராஞ்ச் 1942’ என்று இருந்தது. ரொறன்ரோவுக்குப் பக்கத்திலேயே செய்தது என்ற சந்தோசத்தில் மற்றதைப் பார்க்கவில்லை. வீட்டில் யன்னலோரம் பிடித்தபோது குழலில் ஒரு விரலளவு இடம் மட்டும் வேறு நிறமாக மினுங்கியது. நகத்தால் தடவினால் மெல்லிய பள்ளம். முத்திரையை அராவி மேலே பூச்சுப் பூசியிருந்தார்கள். குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட்டின் பிடியில் இருந்த இலக்கம் துவக்கின் இலக்கத்தோடு பொருந்தவில்லை. வேறு துவக்கின் போல்ட். அதைப் பரிசோதிக்காமல் சுட்டிருந்தால் என் முகத்துக்கு என்ன நடந்திருக்கும் என்று இப்போதும் நினைப்பேன். விற்றவர் தொலைபேசியை எடுக்கவே இல்லை.

ஆகவே முத்திரையை நான் வெறுக்கவில்லை. துவக்கு ஒன்று குற்றத்தில் பிடிபட்டால் அது எந்த நாட்டுக்கு எந்த வருடம் வந்தது என்று தெரிய வேண்டும். 2001ஆம் ஆண்டு ஐ.நா. துவக்கு நெறிமுறை இறக்குமதி அடையாளம் கேட்பதும் அதற்காகத்தான். நீண்ட துவக்குகளின் (றைபிள், ஷொட்கன்) பதிவேடு 2012இல் நிறுத்தப்பட்டுவிட்ட நாட்டில் வெறும் ‘சி.ஏ. 18’ எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்று துவக்குக்காரர்கள் கேட்பதும் நியாயமான கேள்வி. அது கடைசியாக வைத்திருந்தவரைக் காட்டாது, எந்த வருடத்து இறக்குமதிக் கணக்கைப் புரட்ட வேண்டும் என்றுதான் காட்டும். எனக்கு வேண்டியது இதுதான்: தொழிற்சாலையிலேயே பூச்சுக்கு முன் பொறிக்கட்டும். அப்படிச் செய்தால் செலவும் குறைவு, கறளும் வராது. நூறு துவக்கு தருவிக்கும் சின்ன வியாபாரி, யாரோ ஒருவரிடம் ஒவ்வொன்றாகக் கொடுத்துக் கீறுவிக்கும் நிலைதான் வரக்கூடாது. அந்தக் கூலியும் கோணல் எழுத்தும் கடைசியில் வாங்குபவர் தலையில்தான் விழும்.

கேள்வி: இணையத்தில் ஒரு றைபிள் மிக மலிவாக வந்தது. 400 டொலர் முற்பணம் இ-ட்ரான்ஸ்பரில் அனுப்பிவிட்டேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் தொடரிலக்கம் இருக்க வேண்டிய இடம் தேய்ந்திருக்கிறது. ‘முத்திரைச் சட்டத்துக்காகச் சுத்தம் செய்தோம்’ என்கிறார். மிச்சக் காசை அனுப்பலாமா? (ஸ்காபரோ)

பதில்: படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும் வேலையை 400 டொலர் போக முன்னர் செய்திருக்க வேண்டும். முகம் தெரியாத ஒருவருக்கு, மலிவு என்ற ஒரே காரணத்துக்காகக் காசு அனுப்பிவிட்டு என்னிடம் வருகிறவர் இந்த மாதத்தில் நீங்கள் மூன்றாவது ஆள். ஒரு சதமும் இனி அனுப்பாதீர்கள். துவக்கை எடுக்கவும் போகாதீர்கள். எந்தச் சட்டமும் தொடரிலக்கத்தை அழிக்கச் சொல்லவில்லை. அழிப்பதும், அழிந்தது என்று தெரிந்துகொண்டே வைத்திருப்பதும் குற்றவியல் கோவையின் 108ஆம் பிரிவில் ஐந்து வருடம் வரை சிறை போகக்கூடிய குற்றம். இப்போது உங்களுக்கும் தெரியும். வங்கிக்கு இன்றே சொல்லுங்கள், பிறகு பொலிஸுக்கு.

கேள்வி: பஃபலோவில் விலை குறைவு. டிசம்பருக்கு முன் காரில் கொண்டுவந்தால் முத்திரைச் சிக்கல் இல்லைத்தானே? (நயாகரா)

பதில்: முத்திரை கிடக்கட்டும். அமெரிக்க ஏற்றுமதி அனுமதியும் கனடியச் சுங்க அறிவிப்பும் இல்லாமல் பாலத்தைத் தாண்டினால் துவக்கும் போகும், நீங்களும் போவீர்கள்.

கேள்வி: என் கணவர் போன மாதம் காலமானார். அவருடைய பழைய .303 துவக்கின் குழலில் ‘18.5 டன்’ என்று குத்தியிருக்கிறது. பார்க்க வந்தவர் ஒருவர், இது பழுதான துவக்கு என்பதற்கான முத்திரை, நூறு டொலர் தரலாம் என்றார். (வின்சர்)

பதில்: அம்மா, கொடுக்காதீர்கள். அவர் சொன்னது பொய். அது பழுது முத்திரை அல்ல. இராணுவத்திலிருந்து வெளியே விற்கும்போது பிரித்தானியாவில் குழலை அழுத்தத்துக்குச் சோதித்து, தாங்கியது என்று குத்துவது. சதுர அங்குலத்துக்கு 18.5 டன். .303 ரவை போடும் லீ-என்பீல்டில் இது சர்வசாதாரணம்.

அவசரப்பட வேண்டாம். உயிலை நிறைவேற்றுபவர், அனுமதிப்பத்திரம் இல்லாவிட்டாலும், சொத்து முடியும்வரை நியாயமான காலத்துக்குத் துவக்கை வைத்திருக்கலாம். பூட்டி வையுங்கள், மாகாணத் தலைமைத் துவக்கு அதிகாரியின் அலுவலகத்துக்கு அறிவியுங்கள். பிறகு இடப்பக்க எழுத்துகளையும் போல்ட் பிடியின் பின்புற இலக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். பார்த்துவிட்டு, என்ன விலைக்குக் கீழே இறங்கக்கூடாது என்று எழுதுகிறேன்.