அமெரிக்காவின் தேசியக் காடுகளில் மீன் பிடிக்கவும் வேட்டையாடவும் விடுகிறார்களாமே, அது எப்படி? வேலை விசாவில் வந்தவர்களும் போகலாமா?

நீங்கள் இந்த நாட்டுக்கு வந்து ஓரிரு ஆண்டுகள்தான் ஆகியிருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால் நானும் வந்த புதிதில் இதே கேள்வியைத்தான் கேட்டேன். முண்டந்துறைப் பக்கத்து ஊர்க்காரனான எனக்குக் காடு என்றால் சோதனைச் சாவடியும், வண்டியைத் திறந்து காட்டச் சொல்லும் வனக் காவலரும்தான். அப்படி வளர்ந்தவனுக்கு, வட கரோலினாவின் பிஸ்கா தேசியக் காட்டுக்குள் எந்த வாயிலும் இல்லாமல் சாலை நேராகப் போவதைப் பார்த்ததும், இங்கே கேட்க ஆளில்லை என்ற எண்ணம் வந்துவிட்டது. அந்த எண்ணத்துக்கு நான் கொடுத்த விலையைத்தான் இந்தப் பதிலில் பெரும்பாலும் எழுதப்போகிறேன்.

முதலில் கேள்விக்கு நேரான பதில். தேசியப் பூங்கா வேறு, தேசியக் காடு வேறு. பூங்காக்களில் பெரும்பாலும் வேட்டைக்குத் தடை உண்டு. தேசியக் காடுகளோ வேளாண்மைத் துறையின் கீழுள்ள வனப் பணியகத்திடம் இருப்பவை. மரம் வெட்டுதல், மேய்ச்சல், மீன்பிடி, வேட்டை, கூடாரம் அடித்தல் எல்லாவற்றுக்கும் அங்கே வரம்புடன் இடமுண்டு. அந்தக் காடுகள் எல்லாம் ஆதியிலிருந்தே அரசின் கையில் இருந்தவையும் அல்ல. கிழக்கு மாநிலங்களில் ஆற்று ஊற்றுமுகங்களைக் காப்பதற்காகத் தனியாரிடமிருந்து நிலம் வாங்க 1911-இல் வீக்ஸ் சட்டம் வந்தது. ஜார்ஜ் வாண்டர்பில்ட் என்ற பெருஞ்செல்வர் 1914-இல் இறந்தபின், அவருடைய மனைவி ஏறத்தாழ 87,000 ஏக்கரை அரசுக்கு விற்றார். அதை மையமாகக் கொண்டு 1916-இல் பிஸ்கா காடு அமைந்தது.

ஆனால் தரைதான் மத்திய அரசுக்குச் சொந்தம். அதில் ஓடும் மீனுக்கும் மானுக்கும் சட்டம் போடுவது மாநில அரசு. ஆகவே உரிமம் மாநிலத்திடம் வாங்க வேண்டும். வட கரோலினாவில் 16 வயது நிரம்பாதவர்களுக்கு மீன்பிடி உரிமம் தேவையில்லை. இவ்வளவும் எனக்கு அன்றே தெரியும். உரிமம் என் சட்டைப் பையில் இருந்தது. அப்படியிருந்தும் மாட்டிக்கொண்டேன்.

டேவிட்சன் ஆறு அந்தக் காட்டின் நடுவே ஓடுவது. டிரவுட் மீனுக்குப் பேர்போனது. ஏவரி ஓடை வந்து கலக்கும் இடத்துக்குக் கீழே, பண்ணையில் வளர்த்த மீனைக் கொண்டுவந்து விடுகிறார்கள். அங்கே மண்புழு கோத்துப் பிடிக்கலாம், நாளுக்கு 7 மீன் வரை வீட்டுக்கும் கொண்டுபோகலாம். அதற்கு அடையாளமாக மரத்தில் பச்சையும் வெள்ளையுமாகச் சிறு பலகை அடித்திருப்பார்கள். ஓடைக்கு மேலே சட்டம் அடியோடு வேறு: ஒற்றை முள்ளில் இறகையும் நூலையும் சுற்றிக் கட்டிய செயற்கை ஈயைத் தவிர வேறெதையும் போடக்கூடாது, பிடித்த மீனை உடனே நீரில் விட்டுவிட வேண்டும், புழுவைக் கையில் வைத்திருப்பதே குற்றம். ஒரே ஆறு, ஒரே தண்ணீர், இரண்டு சட்டம்.

ஏப்ரல் மாதத்துச் சனிக்கிழமை அது. கீழ்ப்பகுதியில் தோளோடு தோள் இடிக்கும் கூட்டம்; தக்கை அசையவே இல்லை. கரையோரமாகவே மேலே நடந்தேன். பாறைக்குப் பின்னால் பச்சையாகத் தேங்கி நின்ற ஓர் ஆழத்தில் தூண்டிலைப் போட்டதும், தக்கை ஒருமுறை நடுங்கிச் சட்டென்று உள்ளே போனது. தங்கூசி நூல் விரலை அறுக்க இழுத்துக் கரைசேர்த்தால், பொன்னிற வயிற்றில் சிவப்பும் கறுப்புமாகப் புள்ளிகள் இட்ட பழுப்பு டிரவுட். (அதுவும் என்னைப் போல் குடியேறியதுதான், ஐரோப்பாவிலிருந்து வந்தது. வானவில் டிரவுட் மேற்கு அமெரிக்காவிலிருந்து வந்தது. அந்த மலைக்கே சொந்தமானது புரூக் டிரவுட் மட்டும்.) முள்ளை எடுப்பதற்குள் பின்னால் ஒருவர் இருமினார். மாநில வனவிலங்கு அதிகாரி. குரலை உயர்த்தாமல் உரிமத்தைக் கேட்டார், பார்த்தார், திருப்பிக் கொடுத்தார். பிறகு என் காலடியில் திறந்து கிடந்த புழு டப்பாவைக் கையால் காட்டினார். மீனை விடச் சொன்னார். அது ஒரு கணம் என் உள்ளங்கையில் மூச்சு வாங்கிவிட்டுப் போனது. அபராதத்தைவிட நீதிமன்றக் கட்டணம் அதிகமாக இருந்தது.

தெரியாமல் செய்ததற்குத் தண்டமா என்று சிலர் எனக்காகப் பரிந்து பேசுவார்கள், வேண்டாம். பலகை இருந்தது, நான்தான் நிமிர்ந்து பார்க்கவில்லை. பிடித்த மீனைத் திரும்ப விடுவது வெறும் பாசாங்கு என்று சொல்பவர்களும் வருவார்கள். மீனுக்கு வலிக்காது என்று நான் வாதிடவில்லை. பிடிப்பவர் எல்லாரும் எடுத்துப்போனால் அந்தப் பாறைக்குப் பின்னால் அப்படியொரு மீன் நின்றிருக்காது என்பதை மட்டும் சொல்கிறேன். எனக்கு உண்மையில் உறுத்தியது, அடுத்த வாரம் நண்பர்கள் வீட்டு விருந்தில் இதைச் சொன்னபோது, "புழுவுக்கு அபராதம் கட்டிய மனிதர்" என்று எனக்குப் பட்டம் சூட்டிய ஒருவர், அதே ஆற்றில் தம் பிள்ளைகள் குளிப்பதற்காகக் கற்களைப் பெயர்த்து அணை கட்டிய படத்தைப் பெருமையாகக் காட்டியதுதான். அந்தக் கற்களுக்கு அடியில்தான் ஹெல்பெண்டர் என்ற, இரண்டடி வரை வளரும், பார்க்கப் பல்லி போன்ற சலமாண்டர் ஒளிந்து முட்டையிடுகிறது. கல்லைப் புரட்டினால் அதன் குடியே போய்விடும். சொன்னேன். சிரித்தார்கள்.

வேட்டை பற்றி நான் அனுபவத்தில் பேச முடியாது, துப்பாக்கியைத் தொட்டதில்லை. ஆனால் விசாவைப் பற்றிக் கேட்டதால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எச்-1பி போன்ற விசாவில் வந்திருப்பவர் துப்பாக்கி வைத்திருக்க மத்திய சட்டம் பொதுவாகத் தடை விதிக்கிறது. மாநிலம் முறைப்படி வழங்கிய வேட்டை உரிமம் கையில் இருப்பது அதற்குள்ள விலக்குகளில் ஒன்று. நண்பரின் துப்பாக்கியை ஒரு தடவை வாங்கிச் சுட்டுப் பார்க்கலாம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். இது புழு விவகாரம் போல அபராதத்தோடு முடியாது. வேட்டைக்காரர்களை நான் பழிக்கவும் இல்லை. 1937-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர்கள் வாங்கும் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும், 1950-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் வாங்கும் தூண்டிலுக்கும் விதிக்கும் வரி, வனவிலங்கையும் மீனையும் பேணுவதற்காக மாநிலங்களுக்குப் போகிறது. மான் வேட்டைப் பருவத்தில் நடக்க மட்டும் போனாலும் நான் பளிச்சென்ற ஆரஞ்சு நிற மேலங்கி அணிந்துகொள்கிறேன்.

2024 செப்டம்பரில் வந்த ஹெலீன் புயல் பிஸ்காவைக் கடுமையாகச் சிதைத்துவிட்டது. ஆகவே புறப்படும் முன் எந்தச் சாலை, எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் இப்போது ஈ கட்டப் பழகிவிட்டேன். கோழி இறகில் கட்டியவை பாதி நாள் அவிழ்ந்துவிடுகின்றன. மகனுக்குப் பன்னிரண்டு வயது, உரிமம் தேவையில்லை, புழுவைத்தான் விரும்புகிறான். ஏவரி ஓடை வரைக்கும் புழு டப்பா அவன் கையில் இருக்கும். அங்கிருந்து மேலே போவதென்றால் திரும்பி நடந்து போய் அதை வண்டியில் வைத்துவிட்டு வருகிறோம். ஒவ்வொரு முறையும் முணுமுணுக்கிறான்.