சாட் என்க்ரிப்ஷன் படித்தால் வேலை கிடைக்குமா? – திருமங்கலத்துத் தந்தைக்குப் பதில்

மூன்றாம் ஆண்டு கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் மகள் "நாஸ்டர், மாஸ்டோடான்" என்று, ஒரே கம்பெனியின் கையில் இல்லாத சமூக வலைதளங்களின் சாட் என்க்ரிப்ஷனை (செய்தியைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் முறை) படித்துக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறாள், கேம்பஸ் இன்டர்வியூவைக் கோட்டை விட்டுவிடுவாளோ என்று கேட்டிருக்கிறீர்கள். கேம்பஸை விட வேண்டாம், ஐயா. மெசேஜ் என்க்ரிப்ஷனுக்கென்றே ஆள் எடுக்கும் கம்பெனிகள் குறைவு; வடபழஞ்சி ஐ.டி. பார்க்கை நம்பி இதைப் படிக்க முடியாது. ஆனால் பூட்டித் திறக்கும் ரகசிய எண்களான சாவிகளைப் பாதுகாக்கும் இதே வேலை வங்கி, பேமென்ட் கம்பெனிகளிலும் உண்டு.

துறையில் செய்ய வேண்டியது நிறையவே கிடக்கிறது. மாஸ்டோடான் தனிச்செய்தியை சர்வர் நடத்துகிறவர் படிக்கலாம். புளூஸ்கை வலைதளம் 2024-ல் கொண்டுவந்த டி.எம்.-மிலும் (தனிச்செய்தி) முனைக்கு முனை பூட்டு, அதாவது அனுப்புகிறவரும் பெறுகிறவரும் மட்டுமே திறக்கக்கூடிய பூட்டு, இல்லை. நாஸ்டரின் விதி ஆவணங்களுக்கு நிப் என்று பெயர். தனிச்செய்திக்கான பழைய நிப்-04, யார் யாருக்கு எழுதினார் என்பதை மறைக்கவில்லை. அதனால்தான் நிப்-17 வந்தது. அதற்குள் செய்தியைப் பூட்டும் முறை நிப்-44. குழு உரையாடலைப் பூட்ட எம்.எல்.எஸ். என்ற முறை உண்டு; அது 2023-ல் ஆர்.எஃப்.சி. 9420 என்ற இணையத் தர ஆவணமாக வெளிவந்தது.

எம்.எல்.எஸ்.-இல் ஆரம்பித்தால் மூச்சு முட்டும். முதலில் நிப்-44-ஐ மகள் சொந்தமாகப் புரோகிராம் எழுதிப் பார்க்கட்டும். 8 ஜி.பி. லேப்டாப் போதும். இதற்குத் தேவைப்படும், இரண்டாம் ஆண்டு டிஸ்க்ரீட் மேத்ஸில் வந்த குரூப், ஃபீல்டு பாடங்களைத் தூசி தட்டச் சொல்லுங்கள். நிப்-44-உடன் தரப்படும் டெஸ்ட் வெக்டர்கள் (விடையோடு கூடிய சோதனைக் கணக்குகள்) அத்தனையும் பாஸாகிற வரை "முடிந்தது" என்று சொல்லக் கூடாது.

பலர் சறுக்கும் இடம் ஒன்று. செய்திக்கு முன்னால் அதன் நீளத்தை 2 பைட்டில் எழுத வேண்டும். "மதுரை" கண்ணுக்கு 3 எழுத்து, ஜாவாஸ்கிரிப்ட் மொழி துணைக்குறிகளையும் தனியாகச் சேர்த்து 5 என்று எண்ணும், எழுத்துகளைப் பைட்டாக மாற்றும் யூ.டி.எஃப்.-8 கணக்கில் 15 பைட். 15-க்குப் பதில் 5 என்று எழுதினால், திறக்கும்போது "ம" மட்டும் வந்து அடுத்த எழுத்து உடைந்து நிற்கும். ஆங்கிலத்தில் எழுத்துக்கு ஒரு பைட் என்பதால், அதில் மட்டும் சோதித்தவருக்கு இந்தத் தப்பு கண்ணில் படவே படாது. தமிழில் சோதிப்பது நம் பிள்ளைகளுக்குக் கூடுதல் வசதி!

அடுத்து, நிப்-44-இன் குறை என்ன என்று மகளிடம் கேளுங்கள். சாவி ஒருமுறை கசிந்தால் பழைய செய்திகளும் திறந்துவிடும் என்று காரணத்தோடு விளக்கினால், இன்டர்வியூவிலும் தடுமாற மாட்டாள். பிறகு ரஸ்ட் என்ற புரோகிராம் மொழி, அதில் எழுதப்பட்ட எம்.எல்.எஸ். நிரல்தொகுப்பான ஓப்பன்எம்.எல்.எஸ். ஆகியவற்றைப் படிக்கட்டும்.

மேற்படிப்பு எண்ணமிருந்தால் கேட் (எம்.டெக். சேர்க்கைக்கான தேர்வு) எழுதட்டும். மதிப்பெண் 3 ஆண்டு செல்லும். "சைபர் செக்யூரிட்டி, வேலை கேரண்டி" என்று பெரிய தொகை கேட்கும் கோர்ஸுக்கு இப்போதைக்குப் பணம் கட்டாதீர்கள். மேலே சொன்ன ஆவணங்கள் எல்லாம் இலவசம்.